பிலோமினா என்று கூப்பிட்டபோது எழுந்த பெண்

ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். முப்பத்தொரு வருடம் இந்த வேலையில் இருந்தேன். இயந்திரங்களைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். அன்று நான் விட்ட பிழையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். குருநகர்ப் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு என்பதோடு ஊரையும் நிறுத்திக்கொள்கிறேன்.

அது எரிபொருளுக்கு வரிசையில் நின்ற, நாளுக்கு நாலைந்து மணித்தியாலம் மின்சாரம் நின்ற வருடம். அரச ஆய்வுகூடங்களில் பரிசோதனைக்கான இரசாயனங்கள் இல்லை. சாதாரண இரத்தப் பரிசோதனைக்கும் டொக்டர்மார் வெளியே செய்துகொண்டு வரும்படி துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கையில் காசு இருந்தவர்கள் செய்தார்கள். இல்லாதவர்கள் அந்தத் துண்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகிவைத்தார்கள். அப்படிச் சொருகிய துண்டுகளை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டில் இருக்கும் அந்தப் பங்கு மக்கள் காசு சேர்த்து அனுப்ப, ஊர்ப் பெடியள் கோயில் மண்டபத்தில் இலவசப் பரிசோதனை முகாம் ஒன்றை ஒழுங்கு செய்தார்கள். முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் பிறஷர், சீனி, கொழுப்பு, இரத்தத்தின் அளவு எல்லாம் பார்ப்பதாகத் திட்டம். பங்குப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு துண்டு அடித்து வீடு வீடாகக் கொடுத்திருந்தார்கள். துண்டு கொண்டுவந்தால் ஒரு சதமும் இல்லை. இரத்தம் எடுக்கும் வேலை எனக்கு.

காலை ஆறரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லோரும் வெறும் வயிறு. எல்லோர் முகத்திலும் முகக்கவசம். நீள மர வாங்குகளில் நெருக்கி இருந்துகொண்டு மீன் விலையையும் மண்ணெண்ணெயையும் பற்றிக் கதைத்தார்கள். சந்தை இரைச்சல் மாதிரி ஒரு இரைச்சல். வாசலில் மேசை போட்டிருந்த பங்குச் செயலாளர் பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட, ஆட்கள் என் மேசைக்கு வந்தார்கள்.

நாற்பது பேர் முடிந்திருக்கும். ஒரு பெயர் கூப்பிடுவது கேட்டது. பிலோமினா. யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அப்போதுதான் கவனித்தேன், அந்த இரைச்சல் நின்றிருந்தது. மின்விசிறிகூடச் சுற்றவில்லை, மின்வெட்டு. கடற்கரைப் பக்கம் காகம் கரைவது மண்டபத்துக்குள் கேட்டது. முன் வாங்கில் இருந்த ஒரு பெண் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பின்வரிசையில், தூண் மறைவில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு வாங்காகப் பிடித்துப் பிடித்து மெல்ல நடந்து வந்தாள். அவள் கடந்த இடங்களில் ஆட்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஏதோ ஊர்ப் பகை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கையை நீட்டினாள். அந்த வெக்கையிலும் கை குளிர்ந்திருந்தது. நகங்கள் நடுவில் குழிந்து, ஒரு துளி தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும் போல இருந்தன. ஊசியை எடுத்தபோது அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ரத்தம் வருமோ, மிஸ்?"

வராமல் எங்கே போகும் என்று சொல்லிவிட்டு ஊசியைப் போட்டேன். வந்தது. ஆனால் வந்த விதம் வேறு. நம் இரத்தம் ரியூப்பின் சுவரில் கொஞ்சம் ஒட்டித்தான் இறங்கும். இது தண்ணீர் மாதிரி ஓடியது. சர்பத்தில் இரண்டு மடங்கு தண்ணீர் விட்டது போன்ற நிறம்.

நான் அதைக் கண்டேன். என் பிழை இங்கேதான் இருக்கிறது, இதை ஆறுதலாக, அவசரப்படாமல் வாசியுங்கள். நான் கண்டேன், என் கை ஒரு கணம் நின்றது, பிறகு அடுத்த ஆளைப் பார்த்தேன். பின்னால் இன்னும் இருபது பேர் பசியோடு இருந்தார்கள். முடிவு எப்படியும் பின்னேரம் வரும், அப்போது பார்க்கலாம் என்று நினைத்தேன். பஞ்சை வைத்து அமத்திப் பிடிக்கச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். கண் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்க எனக்குப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடியை நான் கொடுக்கவில்லை.

மாதிரிகளை நகரத்தில் ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இயந்திரத்தை எங்களுக்கு விட்டுத் தந்திருந்தார்கள். பதினொரு மணியளவில் அந்த ரியூப்பின் முடிவு வந்தது. இரத்தத்தின் அளவு, எச்.பி., மூன்று தசம் நான்கு. ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு இருக்கவேண்டும். ஏழுக்குக் கீழே போனால் பெரும்பாலும் இரத்தம் ஏற்றச் சொல்வார்கள். மூன்றில் நிற்கும் ஆள் படுக்கையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடக்கவேண்டும். இந்தப் பெண் வாங்கு பிடித்து நடந்து வந்து என்னோடு கதைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுபடி போட்டேன். மூன்று தசம் மூன்று. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி தேய்த்து நுண்நோக்கியில் பார்த்தேன். செங்குழியங்கள் எல்லாம் சிறுத்து, நடுவில் வெளிறி, வெறும் வளையங்களாகக் கிடந்தன. இரும்புச்சத்து வற்றிப்போன இரத்தம். இயந்திரத்தில் பிழை இல்லை.

அவளுடைய துண்டில் தொலைபேசி இலக்கம் இல்லை. செயலாளருக்குப் போன் எடுத்து, பிலோமினா என்ற பெண்ணை உடனடியாக வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும், ஆளை எப்படிப் பிடிக்கலாம் என்று கேட்டேன். அவர், பதிவேடு பழையது, பெயரை வெட்டாமல் விட்டுவிட்டார்கள் என்று ஏதோ மன்னிப்புக் கேட்பது போலத் தொடங்கினார். எனக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டேன்.

"அந்தப் பிள்ளை செத்து ஏழு வருசம், மிஸ்," என்றார்.

காலையில் மண்டபம் ஏன் அடங்கியது என்று அப்போது விளங்கியது. செயலாளர், தெரியாமல் வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன், இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, அதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள் என்றார். யார் அது என்று தெரியவில்லையா என்று கேட்டேன். முகம் தெரியவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நடை மட்டும் பிலோமினாவின் நடைதான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள் என்றார்.

முகாமுக்கு வந்திருந்த டொக்டர் வயதில் இளையவர், நல்லவர். அவருக்கு எடுத்துச் சொன்னேன். இறந்தவரின் பெயரில் வந்த மாதிரி என்றால் அடையாளம் பிழை, முடிவை நிறுத்தி வையுங்கள், நாளைக்குப் பட்டியலைச் சரிபார்ப்போம் என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. அடையாளம் தெரியாத மாதிரியைக் கொட்டவேண்டும் என்றுதான் நானும் முப்பத்தொரு வருடம் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்தப் பெயர் யாருடையதாக இருந்தாலும் இரத்தம் என் கையில் சூடாக இறங்கியது. நாளைக்கு என்று சொல்ல இந்த இரத்தத்தில் இடம் இல்லை. ரியூப்பை வைத்துவிட்டு, துண்டில் இருந்த விலாசத்தோடு ஓட்டோ பிடித்தேன்.

ஒரு மணி வெயில். அந்தக் கடற்கரையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் அந்த நேரம் ஒரு குருவி இல்லை. பூசை முடிந்து எல்லோரும் வீடுகளுக்குள் போயிருந்தார்கள். வலைகள் மதிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஓட்டோக்காரர் வீட்டைக் காட்டிவிட்டு, தான் சந்தியில் நிற்பதாகச் சொல்லிப் போனார். வாசல் படலையைத் தட்டியபோது பக்கத்து வீட்டு யன்னல் மெல்லத் திறந்தது. காலையில் சிலுவை போட்டுக்கொண்ட அதே பெண். என்னைக் கண்டதும் யன்னலைச் சாத்திவிட்டாள்.

வீட்டுக்காரர் வந்தார். அந்தோனி என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதிருக்கும், கடல்தொழில். நான் யார் என்று சொல்லி, பிலோமினா இருக்கிறாவா என்று கேட்டேன். பதில் தெரிந்த கேள்விதான், அவர் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் படலையை அகலத் திறந்து, "உள்ளுக்கு வாங்கோ மிஸ்" என்றார்.

சுவரில் படம் இருந்தது. அதன் கீழே சிறு சிவப்பு மின்குமிழ், மின்சாரம் இல்லாமல் அணைந்திருந்தது. நான் படத்தைப் பார்த்தேன். மூக்கையும் வாயையும் கையால் மறைத்தால், காலையில் என் முன்னால் கை நீட்டிய பெண். அதே கண். அதே இமை. முப்பத்தொரு வருடம் பிரேதங்களிலிருந்தும் இரத்தம் எடுத்தவள் நான். அன்று அங்கே கிடந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், ஒரு நாள் மத்தியானம் உடுப்புக் காயப்போடும்போது அவள் விழுந்தாளாம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டதாம். இதயம் என்று சொன்னார்களாம். அதற்கு முன்னர் ஏதாவது பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டேன். பிள்ளை பெற்றபோது செய்ததுதான், பிறகு எதற்கு என்றார். காலையில் மண்டபத்தில் நடந்ததை அவருக்கு யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். அவர் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவ வாறவ, மிஸ்," என்றார்.

மெல்ல மெல்லச் சொன்னார். பின்னேரம் அவர் வலைக்குப் போகும் நேரம் ஏழு வயது மகள் பொழுதுபடும் வரை வீட்டில் தனிய இருப்பாள். பிறகு பக்கத்து வீட்டில் போய்ப் படுப்பாள். ஒரு வருடமாக வீட்டில் சில காரியங்கள் நடக்கின்றனவாம். பிள்ளையின் தலை இழுத்துப் பின்னியிருக்கும். கிழிந்த பள்ளிச் சட்டை தைத்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை யாரோடோ சிரித்துக் கதைப்பதைக் கேட்டிருக்கிறாள், எட்டிப் பார்க்கத் துணியவில்லை. பிள்ளையைக் கேட்டால், அம்மா வந்தவ என்று சொல்லுமாம். சுவாமியாரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கலாம் என்று அயலவர்கள் சொல்ல, அவர்தான் வேண்டாம் என்றாராம்.

"பிள்ளைதானே சொல்லுது, நீங்கள் எப்படி நம்பினீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து குசினிக்குள் போய் ஒரு பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அரிசிப் பானை.

"இது குறையுது. சமைச்சுக் குறையேல்லை, பச்சையாத்தான். வீட்டுக்குப் பின்னாலை, கோடியிலை நெடுகச் சிந்திக் கிடக்கும். என்ரை மனுசியும் உப்பிடித்தான், கடைசி மாதங்களிலை பச்சை அரிசியை அள்ளி அள்ளிச் சப்புவா. நான் ஏசுறனான். இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை. குறையட்டும் எண்டு விட்டிட்டன்."

அந்த வீட்டின் அமைதி எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. கோடியில் வெயில் மட்டும் நின்றது. என் கையில் மயிர் சிலிர்த்தது உண்மை. அடுத்த கணம் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது. இரும்புச்சத்து அடியோடு வற்றியவர்களுக்கு வரும் ஆசை அது. பச்சை அரிசி, மண், சாம்பல், ஐஸ்கட்டி. ஏன் தின்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது, வெட்கத்தில் ஒளித்துத் தின்பார்கள். பேய்க்கு எதற்கு அரிசி? இரத்தம் மூன்றில் நிற்கும் ஒரு உயிருள்ள பெண் இந்தக் கோடியில் இருந்து அரிசி சப்புகிறாள். முகாம் துண்டும் இந்த வீட்டுக்குத்தான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

இன்னொன்றும் அப்போது விளங்கியது. கடைசி மாதங்களில் பிலோமினாவும் அரிசி தின்றிருக்கிறாள். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், வந்தது. அம்மா இப்ப எங்கே இருக்கிறா என்று கேட்டேன்.

"சேமக்காலையிலை," என்றது.

சேமக்காலை என்றால் கத்தோலிக்கரின் இடுகாடு. அந்தோனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பதிலோடு அவருடைய கதை முடிந்துவிட்டது. எனக்கும் முடிந்திருக்கும். எதற்காகவோ இன்னும் ஒரு கேள்வி கேட்டேன். சேமக்காலையில் எந்த இடம் என்று.

"மதிலோடை. பச்சைக் கதவு. உள்ளுக்குப் பாய் இருக்கு. வாளி இருக்கு," என்றது பிள்ளை.

அந்தோனி திரும்பிப் பார்த்தார். நான் அவரிடம் கேட்டேன்.

"தம்பி, உங்கடை மனுசிக்குச் சகோதரங்கள் இருக்கினமோ?"

இருந்தாள். தங்கை. ஜெசிந்தா. தாயில்லாத கைக்குழந்தையை இரண்டு வயது வரை வளர்த்தவள் அவள்தான். கலியாணம் ஆகாத பெண் அத்தான் வீட்டில் இருப்பதா என்று ஊர் கதைத்தது. அவளுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று, ஒரு நாள் அவரே மன்னாருக்குத் தமையன் வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டார். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை. பிள்ளைக்கு அவளை ஞாபகம் இருக்க நியாயமில்லை. அதற்குத் தெரிந்தது சுவரில் இருந்த படம்தான். அதே முகத்தோடு ஒருத்தி பின்பக்கத்தால் வந்து தலை பின்னிவிட்டால், பிள்ளை வேறு என்னவென்று கூப்பிடும்?

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓட்டோவில் போனோம். சேமக்காலை மதிலோடு ஒட்டி வரிசையாக மூன்று அறைகள். அதன் வாசலில் குடியிருக்க யாரும் விரும்பாததால் வாடகை குறைவு. நடு அறைக்குப் பச்சைக் கதவு. தட்டினேன். சத்தம் இல்லை. தள்ளினேன், திறந்தது.

அவள் பாயில் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தாள். சேலை மாற்றவில்லை. நான் ஒட்டிய பிளாஸ்டர் முழங்கை மடிப்பில் அப்படியே இருந்தது. உதடு கடதாசி நிறம். நாடி என் விரலுக்குள் எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. மூச்சு மேலும் கீழுமாக வந்தது. ஆனால் கண் திறந்திருந்தது.

அந்தோனி வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"பிலோ," என்றார்.

"நான் ஜெசி, அத்தான்," என்றாள் அவள்.

அந்த மனிதன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வருடமாகத் தன் மனைவி வந்து போகிறாள் என்று நம்பி, அதற்காகவே அரிசியைக் குறையவிட்டவர். அந்த மூன்று சொல்லில் அவருக்கு அவள் மறுபடியும் செத்துப்போனாள். ஆனால் அழ நேரம் இல்லை. அவர் உள்ளே வந்தார், குனிந்தார், அவளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு நடந்தார்.

வழியில் அவள் விட்டு விட்டு மூச்சு வாங்கிச் சொன்னாள். மன்னாரில் தமையன் குடும்பத்தோடு ஒத்துவரவில்லை. இங்கே நண்டு பதனிடும் இடத்தில் வேலை கிடைத்தது. வேலை முடிந்து பின்னேரங்களில் பிள்ளையைப் பார்க்கப் போனாள். எட்டு மாதமாக மாதவிலக்கு நிற்காமல் போகிறது. ஒரு டொக்டர் இரத்தம் பார்த்துக்கொண்டு வா என்று துண்டு எழுதினார். வெளியே செய்யக் காசில்லை, வரிசையில் நிற்க லீவும் இல்லை, வருத்தக்காரி என்று தெரிந்தால் வேலையால் நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டு மேசையில் அக்காவின் பெயரில் இலவசத் துண்டு ஒன்று கிடந்ததைக் கண்டாள்.

"பேரைக் கூப்பிட்டினம். ஆரும் எழும்பேல்லை. நான் எழும்பினன்," என்றாள்.

இனித்தான் உங்களுக்கு முக்கியமான இடம் வருகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் பதிகிறவர் பெயர் கேட்டார். ஜெசிந்தா கையில் அந்த முகாம் துண்டை இன்னும் வைத்திருந்தாள். அதை நீட்டிவிட்டாள். பதிகிறவர் அந்தப் பெயரையும் விலாசத்தையும் எழுதத் தொடங்கினார். இங்கே பிள்ளை பெற்றவர்தானே, பழைய பதிவு இருக்கும் என்றார். நான் குனிந்து அவளிடம், உம்முடைய பெயரைச் சொல்லும் என்றேன்.

"அந்தப் பேரே இருக்கட்டும், மிஸ்," என்றாள். வேலை இடத்துக்குத் தெரியக்கூடாது என்ற பயம். அல்லது ஒரு வருடமாக அந்தப் பெயருக்குள் இருந்து பழகியது. எனக்குத் தெரியாது.

நான் பதிகிறவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் வயதில் அப்படிச் செய்தால் யாரும் ஏசமாட்டார்கள், நீங்களும் பயப்படாமல் செய்யுங்கள். பிலோமினாவின் பழைய பதிவில் ஓர் இரத்த வகை இருக்கும். இவளுடையது வேறாக இருந்தால், இரண்டும் பொருந்தவில்லை என்று இரத்த வங்கி இரத்தம் தராமல் கையை மடக்கிவிடும். அப்படி மடக்கத்தான் வேண்டும். யாருடைய மாதிரி யாருடையது என்று துப்புத் துலக்கி முடிக்க மணித்தியாலங்கள் போகும். அவளுக்கு அந்த மணித்தியாலங்கள் இல்லை. இறந்தவளின் பெயரில் அவள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால், அந்தப் பெயருக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடக்கும்.

அப்படியானால் இவர் யார், உங்களுக்கு என்ன உறவு என்று பதிகிறவர் அந்தோனியைக் கேட்டார். பின்னால் வரிசையில் அவருடைய ஊர் ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"என்ரை மச்சாள். ஜெசிந்தா. என்ரை பிள்ளையை வளத்தவ."

புதிய பெயரில் புதிய மாதிரி போனது. பி பொசிற்றிவ். பிறகு விசாரித்தேன், அக்காவின் பதிவில் இருந்தது ஓ பொசிற்றிவ். பொழுதுபட முன்னரே முதலாவது பை இரத்தம், சொட்டுச் சொட்டாக, மிக மெதுவாக ஏறத் தொடங்கியது. அவ்வளவு வற்றிய உடம்புக்கு வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது. கர்ப்பப்பையில் கட்டி என்று பிறகு கண்டுபிடித்தார்கள். சில வாரங்களின் பின் சத்திரசிகிச்சை நடந்தது. பிழைத்தாள். நண்டு வேலை போய்விட்டது, அவள் பயந்தது சரிதான். இப்போது அதே ஊரில், அந்தப் பச்சைக் கதவிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி, அந்தோனியின் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். பிள்ளை அவளைச் சின்னம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டது. ஆரம்பத்தில் அதற்குக் கஷ்டமாக இருந்ததாம்.

அன்று வார்ட் நடையில் அந்தோனி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அரிசிப் பானையை என் முன்னால் வைத்த நேரத்திலிருந்து அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

"பிலோவுக்கும் உப்பிடித்தான் இருந்ததோ, மிஸ்? ஒருக்கா ரத்தம் பாத்திருந்தால்?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம், அநேகமாக அதுதான் உண்மை. இல்லை என்று சொல்லியிருக்கலாம், அது அவருக்கு ஆறுதல். நாங்கள் மாதிரி இல்லாமல் முடிவு எழுதுகிறவர்கள் இல்லை. எனக்குத் தெரியாது தம்பி, அவவின்ரை இரத்தம் என்னிடம் வரவில்லை என்றேன். அது கோழைத்தனமா நேர்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானம் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் வாங்கில் இருந்தார்.

நீங்கள் உங்கள் ஊர்களில் எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். முப்பத்தைந்து தாண்டியவர்களை இலவசமாகப் பார்க்கும் கிளினிக் அரச வைத்தியசாலைகளில் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அரை நாள் கூலி போய்விடும் என்ற பயம். நோய் இல்லாத ஆளை வரவைப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான வேலை. வந்தவர்களிடம், நீங்கள் இன்னார்தானே என்று கேட்காதீர்கள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டு, அவர்கள் சொல்லும் வரை பொறுத்திருங்கள். அந்த மண்டபத்தில் பெயரை நாங்களே கூப்பிட்டோம். நான் அவளை ஒன்றுமே கேட்கவில்லை. முடிவு பயமுறுத்தும்படி இருந்தால் தாளில் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், ஆளைத் தேடிப் போங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் கழித்து, முகாம் முடிவுகளைக் கொடுக்க நான் போயிருந்த அந்தச் சிறிய ஆய்வுகூடத்துக்கு அந்தோனி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாய்க்கும் சித்திக்கும் இருந்தது பிள்ளைக்கும் இருக்குமோ என்று பார்க்கவேண்டும் என்றார். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, பெயரைக் கேட்டேன். முழுப் பெயரையும் சொன்னது. எழுதினேன். ஊசி போட்டபோது அது அழவில்லை. அவர்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொன்று தசம் ஒன்பது. அந்த வயதுப் பிள்ளைக்குப் பதினொன்றரை போதும், நல்ல முடிவு. தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். மகளிடம் கொடுத்து, மடிக்காமல் வைத்திரு என்றார். பிறகு பிள்ளை இருந்த கதிரையில் தானும் இருந்துகொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து, கையை நீட்டி மேசையில் வைத்தார்.